நான் படிக்காத ஒரு வாரம்

பழைய மாதக் காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு புத்தகம். அச்சடித்த பக்கம் உள்ளே போக, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய, நான்கு மூலைகளும் ஒட்டாமல் மடித்துச் செருகப்பட்டிருக்கும். நர்ஸக்காவிடம் நான் முதலில் கவனித்தது அதைத்தான். நூலகப் புத்தகம் கசங்கிவிடக் கூடாது என்று அவர் எடுக்கிற ஒவ்வொன்றுக்கும் அந்தச் சட்டையை மாட்டுவார். படித்து முடித்ததும் கழற்றி அடுத்த புத்தகத்துக்கு மாட்டுவார். அதனால் வருடம் முழுக்க அவர் ஒரே புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும். துப்பறியும் கதையா, தேவாரமா, தையல் கற்றுக்கொடுக்கும் புத்தகமா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிக்குப் போகும் காலைப் பேருந்தில் நாங்கள் இருவரும் ஏழு வருடம் ஒன்றாகப் போய்வந்தோம். அவர் கிராம சுகாதார நர்ஸ். பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, பேருந்து நிலையத்தில் இந்த வண்டிக்கு மாறுவார். நான் நரிக்குடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. முதலில் ஏறுகிறவர் மற்றவருக்கு இடம் போட்டு வைப்பது எங்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட வழக்கம். ஜன்னலோரம் எப்போதும் அவருக்கு. வெளியே இரண்டு பக்கமும் சீமைக்கருவேலமும், தண்ணீர் இல்லாத கண்மாயும், அங்கங்கே கரிமூட்டத்தின் புகையும் ஓடிக்கொண்டிருக்கும். அவர் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. வண்டி கிளம்பியதும் புத்தகத்தை விரிப்பார். உதடுகள் லேசாக அசைய ஆரம்பிக்கும்.

அந்த உதட்டசைவை நான் ஒரு குறையாகத்தான் நினைத்திருந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "உதட்டை மூடு, கண்ணால் படி" என்று சொல்கிற பழக்கம் எனக்கு உண்டு. இவ்வளவு படித்தும் இன்னும் முணுமுணுத்துத்தான் படிக்க வருகிறது என்று மனதுக்குள் ஓர் இளக்காரம் இருந்தது. அதை ஒருநாளும் வெளியே காட்டிக்கொண்டதில்லை. ஆனால் இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பள்ளியிலும் தெருவிலும் உறவிலும் நான் "நெறைய படிக்கிறவ" என்று பெயர் எடுத்தவள். கல்லூரிக் காலத்தில் அது உண்மை. பிறகு வேலை, இரண்டு பிள்ளைகள், விடைத்தாள், சமையல், கையை விட்டு இறங்காத போன் என்று வருடங்கள் போயின. புத்தகம் வாங்குவது மட்டும் நிற்கவில்லை. வீட்டு அலமாரி நிரம்பியது. வருகிறவர்கள் அதைப் பார்த்து வியந்தார்கள். "இதெல்லாம் படிச்சிட்டீகளா?" என்று கேட்டால், "அப்பப்ப" என்று சிரிப்பேன். உண்மையில் கடைசிப் பத்து வருடத்தில் நான் முழுதாகப் படித்து முடித்த புத்தகங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இந்த நிலையில்தான் மதுரையிலிருந்து வரும் ஒரு பெண்கள் மாத இதழிலிருந்து அழைத்தார்கள். மாதம் ஒரு வாசகி, தான் ஒரு வாரத்தில் படித்த புத்தகங்களைப் பற்றி எழுதும் பக்கம் அது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நேரம் கண்டுபிடித்துப் படிக்கிறவராக வேண்டும், விதவிதமான புத்தகங்களாக இருந்தால் நல்லது என்றார்கள். எங்கள் தலைமையாசிரியர்தான் என் பெயரைக் கொடுத்திருந்தார். எனக்கு நேரமில்லை, நான் இப்போது படிப்பதில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடப் பேச்சு. "பத்து நாளில் அனுப்பிவிடுகிறேன்" என்று சொன்னேன்.

அந்த வாரம் படிக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அலமாரியிலிருந்து ஐந்து புத்தகங்களை எடுத்து மேசையில் அடுக்கினேன். திங்கட்கிழமை காலை அவை அப்படியே இருந்தன. அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் இரண்டு கட்டு பையில் கனத்தன. பேருந்தில் ஏறினால், நர்ஸக்கா இடம் போட்டு வைத்திருந்தார். சட்டை மாட்டிய புத்தகம் மடியில் இருந்தது.

"இன்னைக்கி என்ன புத்தகம்க்கா?" என்று கேட்டேன். அத்தனை வருடத்தில் நான் அப்படிக் கேட்டது அபூர்வம். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கொலைக் கதை டீச்சர். சாயங்காலம் முடிச்சிட்டுச் சொல்றேன்."

மாலைப் பேருந்தில் சொன்னார். கதையைச் சொல்லவில்லை. அவருக்கு அதில் எது உறுத்தியது என்று சொன்னார். "செத்துப்போன பொம்பளைக்கு அம்மா இருக்காகன்னு மூணாம் பக்கத்துல வருது. அதுக்கப்புறம் அந்தம்மாவக் காணவே காணோம். கொலைகாரனப் புடிச்சிட்டாக, சரி. அந்தம்மாகிட்டப் போயி யாரு டீச்சர் சொன்னா? அத ஒருத்தரும் எழுதலயே." எனக்குச் சுரீரென்றது. இருபது வருடம் இலக்கியம் நடத்தியவளுக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றியிருக்காது. வீட்டுக்குப் போனதும் அதை அப்படியே எழுதினேன். "மூன்றாம் பக்கத்தில் காணாமல் போன அந்தத் தாயை நான் கடைசிப் பக்கம்வரை தேடினேன்" என்று ஒரு வரி சேர்த்தேன். அழகாக இருந்தது.

அப்புறம் தினமும் கேட்டேன். செவ்வாய்க்கிழமை பனிமலைப் பக்கம் நடந்தே போன ஒருவரின் பயண நூல். "ஊரு ஊராப் போறாரு, ஆனா அவரு துணிய எங்க தொவச்சாரு, யாரு தொவச்சான்னு ஒரு எடத்துலகூட இல்ல" என்றார். புதன்கிழமை தடுப்பூசி நாள், அலைச்சல் அதிகம் என்பதால் மெலிதான சமையல் குறிப்புப் புத்தகம். "எல்லாத்துலயும் உப்பு தேவையான அளவுன்னு போட்ருக்கு டீச்சர். தேவையான அளவு தெரிஞ்சா நான் எதுக்கு இந்தப் புத்தகத்தத் தூக்கிக்கிட்டு அலையிறேன்?" என்றபோது முன்சீட்டுக்காரர்கூடத் திரும்பிச் சிரித்தார். வியாழக்கிழமை கோயில் கல்வெட்டுகளைப் பற்றிய வரலாற்று நூல். யாரோ ஒரு பெண் அணையா விளக்குக்கு ஆடுகள் கொடுத்ததாக ஒரு கல்வெட்டு. "குடுத்தாகன்னு இருக்கு. எதுக்குக் குடுத்தாகன்னு இல்ல. வீட்ல யாருக்கோ மேலுக்குச் சொகமில்லாம இருந்திருக்கும். எனக்குத் தெரியும்ல, இந்த ஊர்கள்ல வெளக்கு நேந்துக்கிறது பூராம் அதுக்குத்தான்." எல்லாவற்றையும் எழுதினேன். என் தமிழில் எழுதினேன். அவருடைய கண், என்னுடைய நடை. அப்போது அது எனக்குத் தவறாகவே தோன்றவில்லை. பேச்சுவாக்கில் கேட்டதுதானே என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை கவிதைப் புத்தகம். அன்று மாலை அவராகப் பேச்சை ஆரம்பிக்கவில்லை. திருச்சுழி நிறுத்தத்தில் பாதிக் கூட்டம் இறங்கி, வண்டி மறுபடி கிளம்பிய பிறகு நான்தான் கேட்டேன்.

"ஒரே ஒரு பாட்டு டீச்சர்" என்றார். "வீட்ல கட்டியிருந்த சீலைத் தொட்டில அவுத்தாச்சு, உத்தரத்துல கயித்துத் தடம் மட்டும் இருக்குன்னு எழுதியிருக்காக. அதுலயே நின்னுட்டேன்."

எதிர்ச்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, அங்கன்வாடியில் எடை குறித்த கணக்கைச் சொல்வதுபோன்ற குரலில் சொன்னார். நான் இந்த வண்டிக்கு வருவதற்கு முன்பு, திருமணமாகி ஆறு வருடம் கழித்து உண்டான குழந்தை. எட்டாம் மாதம் வயிற்றிலேயே அசைவு நின்றுவிட்டது. ஊரில் அத்தனை கர்ப்பிணிகளுக்கும் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறவர், தன் வயிற்றில் அசைவு இல்லை என்பதை இதே பேருந்தில்தான் உணர்ந்திருக்கிறார். அதன் பிறகு வேறு பிள்ளையும் தங்கவில்லை.

"வயித்துல இருக்கிறப்ப அதுக்குக் காது கேக்கும்னு நாங்க தாய்மாருகளுக்குச் சொல்லுவோம்ல. அதனால பஸ்ஸுல வாரப்ப மெதுவா வாய்விட்டுப் படிப்பேன். கதையோ, என்னமோ, கையில கெடச்சது. அது போனதுக்கப்புறமும் நிறுத்தல. நான் நிறுத்திட்டா அது கேக்குறதும் நின்னுபோகும்னு ஒரு இது. அம்புட்டுத்தான். தொட்டிலெல்லாம் நான் கட்டவே இல்ல டீச்சர். கட்டாமலே அவுத்துட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது துக்கத்தால் என்று அவர் நினைத்தார். என் மடியில் இருந்த கைப்பைக்குள் போன் இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரத்தில் அதில் மூன்று சொற்களைத் தட்டி வைத்துக்கொண்டேன்: கட்டாமலே அவிழ்த்த தொட்டில். மறந்துவிடக் கூடாதே என்று. இதை எழுதும் இந்த நேரத்திலும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஏழு வருடம் நான் இளக்காரமாகப் பார்த்த உதட்டசைவின் காரணம் அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அது என்னை உலுக்கவில்லை. ஒரு நல்ல வரி கிடைத்தது என்று விரல் போனைத் தேடியிருக்கிறது.

கட்டுரையின் கடைசிப் பகுதியை ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். குழந்தையை இழந்த தாயின் கவிதை என்று ஆரம்பித்தேன். அதற்கு அடுத்த வரியில், "கட்டாமலே அவிழ்த்த தொட்டில் ஒன்று எனக்கும் உண்டு" என்று எழுதினேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் நல்லபடியாகப் பிறந்து வளர்ந்தவை. அப்படி ஓர் இழப்பின் நிழல்கூட என் வீட்டில் விழுந்ததில்லை. தோழி ஒருத்திக்கு என்று எழுதிப் பார்த்தேன். வரி தளர்ந்து போனது. மறுபடி "எனக்கும்" என்று மாற்றினேன். அனுப்பிவிட்டேன்.

இதழ் வந்தது. தலைமையாசிரியர் அந்தப் பக்கத்தை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். ஆசிரியைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். இதழுக்கு வந்த கடிதங்களை எனக்கு அனுப்பி வைத்தார்கள். எங்கெங்கோ இருக்கும் பெண்கள், யாரிடமும் சொல்லாத தங்கள் குழந்தைகளைப் பற்றி எனக்கு எழுதியிருந்தார்கள். ஒரு கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. என் கணவர் கட்டுரையைப் படித்துவிட்டு, "இது எப்ப நடந்துச்சு?" என்று கேட்டார். "இலக்கியத்தில அப்படி எழுதுறதுதான்" என்றேன். அவர் இதழை மடித்து வைத்தார். அதற்குப் பிறகு நான் எழுதுவது எதையும் அவர் கேட்டு வாங்கிப் படிப்பதில்லை.

நர்ஸக்காவிடம் நான் இதழைக் காட்டவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரோ கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் காலை நான் ஏறியபோது அவர் கையில் அது இருந்தது. "டீச்சர், ஒங்க போட்டோ!" என்று சிரித்துக்கொண்டே என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். வண்டி கிளம்பியதும் படிக்க ஆரம்பித்தார். அவர் உதடுகளைப் பார்த்தே எந்த வரியில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. காணாமல் போன தாய். துவைக்காத துணி. தேவையான அளவு. "ஏ அம்மா, நான் சொன்னதெல்லாம் போட்ருக்கீக!" என்று தொடையில் தட்டினார். நான் பயந்ததற்கு மாறாக அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "எம்பேச்சு புத்தகத்துல வந்துருச்சே டீச்சர்." பிறகு கடைசிப் பகுதிக்கு வந்தார். உதடுகள் நின்றன.

நான் எழுந்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். அவர் இதழை மூடி மடியில் வைத்து, என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"ஒங்களுக்குமா டீச்சர்? ஒரு வார்த்த சொல்லலயே. அன்னைக்கி நான் சொன்னப்ப தலையக் குனிஞ்சிக்கிட்டீக. நான் என்னமோ எம்பாட்டப் பாடிக்கிட்டிருந்துட்டேன்." அவர் கண்கள் கலங்கியிருந்தன. "நீங்களும் அந்தப் பக்கத்தோடயே நின்னுட்டீகளாக்கும்."

அவர் கேட்டது எனக்குப் புரியவில்லை. தலையசைத்தேன்.

"ரெண்டு பிள்ளைக்கும் முன்னாடியா, நடுவுலயா?"

அப்போது சொல்லியிருக்கலாம். பேருந்து ஒரு கண்மாய்க்கரையில் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் அவர் கையிலும் என் கையிலும் விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் எனக்கு அவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது.

"நடுவுல" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் காட்டிய அன்பைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது. முருங்கைக்கீரை ஆய்ந்து பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார். நான் சோர்ந்து உட்கார்ந்தால் காரணம் கேட்க மாட்டார், தோளில் சாய்த்துக்கொள்வார். நானோ அவரிடம் புத்தகங்களைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே. ஏறியதும் போனை எடுத்துக்கொள்வேன், அல்லது தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வேன். பக்கத்தில் அவர் முணுமுணுத்துப் படித்துக்கொண்டே வருவது கேட்கும். என்ன படிக்கிறார் என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நான்கு மாதம் இப்படிப் போனது.

நரிக்குடியில் ஓர் உறவினர் வீட்டு வளைகாப்புக்காக என் அம்மா ஒருநாள் என்னோடு அந்தப் பேருந்தில் வந்தார். மூன்று பேர் உட்காரும் இருக்கை. ஜன்னலோரம் நர்ஸக்கா, நடுவில் அம்மா, ஓரத்தில் நான். அறிமுகம் செய்து வைத்தேன். அம்மாவுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். மழை இல்லாதது, மிளகாய்ச் செடி கருகியது, மூட்டுவலி, மாத்திரை எல்லாம் பேசினார்கள். வளைகாப்புப் பெண்ணுக்கு ஏழாம் மாதம் என்று அம்மா சொன்னதும், நர்ஸக்கா அம்மாவின் கையைத் தொட்டார். அம்மாவும் அந்தத் துக்கத்தைச் சுமப்பவர் என்று நினைத்து, மெதுவான குரலில் சொன்னார்.

"இந்த மாதிரி வீட்டுக்கெல்லாம் போறப்ப டீச்சருக்கு மனசு கஷ்டப்படும்மா. அந்த நடுப்பிள்ளை தங்கியிருந்தா இப்ப ஸ்கூலுக்குப் போயிருக்கும்ல."

"எந்தப் பிள்ளை?" என்றார் அம்மா. "எம்மகளுக்கா? அவளுக்கு ரெண்டே பிள்ளைதானம்மா. ரெண்டு பிரசவத்துக்கும் நாந்தான கூட இருந்தேன். ஒரு கொறையுமில்லாமப் பெறந்துச்சுக."

அம்மாவின் தலைக்கு மேலாக நர்ஸக்கா என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கிக்கொண்டேன். அதுவே போதுமான பதிலாக இருந்தது. ஓரிரு நொடிதான். பிறகு அவர் அம்மாவிடம் திரும்பி, "அடடே, வேற டீச்சர நெனச்சுச் சொல்லிட்டேன்ம்மா. தப்பா எடுத்துக்கிடாதீக" என்றார். அம்மா சிரித்தார். மூட்டுவலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று பேச்சு மறுபடி தொடர்ந்தது. அந்த நேரத்திலும் என்னைக் காப்பாற்றியவர் அவர்தான்.

மறுநாள் காலை எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். "வாங்க டீச்சர்" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. புத்தகத்தை விரித்தார். திருச்சுழி வரை நான் அவரைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இருந்தேன். உதடுகள் இறுக மூடியிருந்தன. கண் மட்டும் வரிகளில் போய்க்கொண்டிருந்தது. நான் என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போல.

இரண்டு வாரம் அதைப் பார்த்துக்கொண்டு போனேன். மூன்றாம் வாரம், பள்ளியில் காலைச் சிறப்பு வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு முந்தைய பேருந்துக்கு மாறிக்கொண்டேன். சில மாதம் கழித்து, நர்ஸம்மாவை வீரசோழனுக்கு மாற்றிவிட்டார்கள் என்று நடத்துநர் சொன்னார். அங்கேயே வீடு பார்த்துப் போய்விட்டாராம். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். நிம்மதியாகத்தான் இருந்தது.

போன வருடம் பள்ளி நூலகத்துக்குப் புத்தகப் பட்டியல் தயாரிக்கும் வேலை வந்தது. அதற்காக ஒரு சனிக்கிழமை அருப்புக்கோட்டை நூலகத்துக்குப் போனேன். கவிதை அடுக்கில் நர்ஸக்கா சொன்ன அந்த மெலிதான புத்தகம் இருந்தது. அதன் பெயரை எழுதியிருக்கிறேன், அதைப் பற்றி ஊரெல்லாம் பேசியிருக்கிறேன். ஆனால் கையில் எடுத்தது அன்றுதான் முதல்முறை. தொட்டில் கவிதையைத் தேடி எடுத்தேன். அவர் சொன்னபடியே அவிழ்த்த சீலையும் உத்தரத்தில் கயிற்றுத் தடமும் இருந்தன. பக்கத்தின் அடியில் முற்றுப்புள்ளி இல்லை. பக்கத்தைப் புரட்டினேன். கவிதை அங்கே தொடர்ந்தது. தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு நடை வந்துவிட்டது. அது தெருவில் ஓடுகிறது. தொட்டில் சீலையைத் துவைத்துத் தாய் மறுபடி உடுத்திக்கொண்டு அதன் பின்னால் ஓடுகிறாள். அது ஒரு சந்தோஷமான கவிதை.

நின்றுகொண்டே அதை மூன்று முறை படித்தேன். குழந்தையை இழந்த தாயின் கவிதை என்று நான் அச்சில் எழுதியிருந்தேன். அத்தனை பேர் படித்துப் பாராட்டியதில் ஒருவர்கூட அது தவறென்று சொல்லவில்லை. நர்ஸக்காவுக்கு மட்டும் தெரிந்திருக்கும். அன்று அந்தப் பக்கத்தில் நின்றுபோனாலும், எடுத்த புத்தகத்தை முடிக்காமல் விடுகிறவர் இல்லை அவர். என் கட்டுரையைப் படித்ததும், இவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்று அவர் முடிவுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. என் தவறுக்கும் ஒரு நல்ல காரணத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். நீங்களும் அந்தப் பக்கத்தோடயே நின்னுட்டீகளாக்கும் என்று கேட்டது அதனால்தான். அடுத்த பக்கத்தின் சந்தோஷத்தைத் தாங்க முடியாமல் நான் புத்தகத்தை மூடிவிட்டதாக நம்பியிருக்கிறார்.

அடுத்த புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வீரசோழனுக்குப் போனேன். துணை சுகாதார நிலையத்தின் வேப்பமரத்தடியில் பிள்ளைகளோடு தாய்மார்கள் காத்திருந்தார்கள். நான் அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளிருந்து அவர் குரல் கேட்டது. "ரெண்டு நாளைக்கு வீங்கித்தான் இருக்கும், தேய்ச்சு விட்றாதம்மா." ஒரு குழந்தையைக் கொடுத்தனுப்ப வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். முடி நிறைய நரைத்திருந்தது. "வாங்க டீச்சர். செத்த நேரம் இருங்க, இவுகள அனுப்பிட்டு வாரேன்" என்றார்.

கூட்டம் குறைந்த பிறகு டீ வாங்கி வரச் சொல்லி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. "அக்கா, எனக்கு அப்படி ஒரு பிள்ளை இல்ல. ஒங்களோடத எடுத்து என்னோடதுன்னு எழுதிட்டேன். அந்தப் புத்தகத்தக்கூட நான் படிக்கல" என்றேன்.

"தெரியும்ல டீச்சர். ஒங்கம்மாதான் சொல்லிட்டாகளே."

"மன்னிச்சிருங்கக்கா."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "எழுதுனதுகூடப் பரவால்ல. எழுதுறவுக எதையாச்சும் பாத்து, கேட்டுத்தான எழுதுவீக. நான் கையப் புடிச்சிக் கேட்டேன்ல, முன்னாடியா நடுவுலயான்னு? அப்பச் சொல்லியிருக்கலாம். நான் சிரிச்சிருப்பேன்."

பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார். "அந்த நாலு மாசமும் ஒங்க பிள்ளைக்கும் சேத்துத்தான் டீச்சர் படிச்சேன். என்னுதுக்கு எட்டு வயசு, ஒங்களுதுக்கு ஏழுன்னு நானா வச்சுக்கிட்டேன். அதனால கொலைக் கதை, வரலாறெல்லாம் விட்டுட்டு மிருகக் கதை, ராசா கதையா எடுத்துக்கிட்டு வந்தேன். என்னுது அத்தன வருசமா ஒத்தையில கேட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. ஒரு சேக்காளி கெடச்சிருச்சேன்னு இருந்துச்சு எனக்கு. ஒங்கம்மா அப்படிச் சொல்லிட்டு எறங்கிப் போனாகல்ல, அன்னைக்கி எனக்குக் கோவம்லாம் வரல. அந்த இல்லாத பிள்ளைய என்ன செய்யிறதுன்னுதான் தெரியல. ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பழகிட்டேனா, ஒண்ண மட்டும் எந்திரிச்சுப் போன்னு சொல்ல முடியல. அதான் வாய மூடிட்டேன்."

வேப்பமரத்தடியில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அதன் தாய் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடந்தாள். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டேன். அந்த இதழுக்கு உண்மையை எழுதி அனுப்பப் போவதாகச் சொன்னேன். முழுதாக, நடந்தது நடந்தபடி எழுதினால் உங்களைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும், எழுதலாமா என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன்.

அவர் டீயில் ஒரு வாய் குடித்தார். "எழுதுங்க" என்றார். "எம்பேரு வேண்டாம். நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சாலும் பரவால்ல, பேரு வேண்டாம். அதோட பேரும் வேண்டாம்."

குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏழு வருடம் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து போயிருக்கிறோம். அந்தப் பெயரைச் சொல்லித்தான் தினமும் மனதுக்குள் கூப்பிட்டு, புத்தகத்தை விரித்திருப்பார். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"என்ன பேருக்கா வச்சிருந்தீக?"

அவர் டீத் தம்ளரைப் பெஞ்சில் வைத்தார். என்னை நேராகப் பார்த்தார்.

"அத ஒங்ககிட்டச் சொல்ல மாட்டேன் டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. தீர்ந்துபோன மருந்தைத் தீர்ந்துபோயிற்று என்று ஒரு தாயிடம் சொல்கிற குரலில்தான் சொன்னார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். மரத்தடியில் கடைசியாக நின்ற பெண்ணிடமிருந்து தடுப்பூசி அட்டையை வாங்கி, அதில் எழுதியிருந்த குழந்தையின் பெயரைச் சத்தமாக வாசித்துக் கூப்பிட்டார்.